தொட்டிச் செடியைப் பிரித்துக் கொடுங்கள்!

தொட்டியில் செடி வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டி கொள்ளாமல் பெருத்த செடியை அப்படியே விட்டுவிட்டு, "போன வருஷம் மாதிரி பூக்கவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டு புதுச்செடிக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழைய செடியைப் பிரித்தாலே மூணு, நாலு செடி கிடைக்கும்.

அடித்துவாரத்தில் வேர் எட்டிப் பார்க்கிறதா? ஊற்றின தண்ணீர் மண்ணில் ஊறாமல் ஓரமாக ஓடி வெளியே வந்துவிடுகிறதா? வேர் தொட்டியை அடைத்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் மணியாச்சிப் பக்கம் வானம் பார்த்த கரிசல் பூமி. குடத்தில் சுமந்து வந்த தண்ணீர் இப்படி வீணாப் போனா வயிறு எரியாதா?

முதல் நாளே நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் வெயில் தாழ்ந்ததும் தொட்டியைச் சாய்த்துத் தட்டினால் செடி வேர்மண்ணோடு வந்துவிடும். ஒவ்வொரு பங்கிலும் வேரும் இருக்கணும், குருத்தும் இருக்கணும். வெறும் கரிசலில் வைக்காதீர்கள். ஈரத்தில் பசை மாதிரி ஒட்டும், காய்ந்தால் வெடித்து வேரை அறுத்துவிடும். செம்மண், மணல், மக்கின சாணம் சம அளவு கலந்து நட்டு, பத்து நாள் நிழலில் வையுங்கள். புரட்டாசிக் கடைசியில் செய்தால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். செவ்வந்தியை மட்டும் பூத்து ஓய்ந்த பிறகு பிரிக்க வேண்டும்.

எல்லாச் செடியும் பிரியாது. கல்வாழை, சோற்றுக்கற்றாழை, பக்கக்கன்று விட்ட கறிவேப்பிலை பிரியும். ஒற்றைத் தண்டாக நிற்கும் செம்பருத்தி, நந்தியாவட்டைக்குக் குச்சி நடணும். ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிர் அதே பூவைத் தராது. மல்லிகைக்குப் பதியம் போடலாம். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கே ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்துதான் கன்று போகிறது. ஓர் ஊர்ச் செடி இன்னோர் ஊருக்குப் போய்ப் பேர் வாங்குகிறது. நாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கத் தயங்குகிறோம்!

"கேட்டு வாங்கின செடி தழைக்காது, திருடி வச்சாத்தான் துளிர்க்கும்" என்கிறார்கள். கேட்டவர்களுக்கு நடுமத்தியானத்தில் வேரில்லாமல் ஒடித்துக் கொடுத்தால் எப்படித் தழைக்கும்? "செடியைக் கொடுத்தா வீட்டு லட்சுமி போயிரும்" என்பது இன்னொரு பேச்சு. பிரிக்காத செடிதான் நடுவில் பட்டுப்போய்க் கிடக்கிறது.

இதைவிட மனசை வருத்துவது வேறொன்று. எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு அக்கா, "மதினி, அந்தச் செவ்வந்தியில ஒரு வேரு தாங்களேன்" என்று ஒரு வீட்டில் கேட்டார். "உங்களுக்கு எதுக்குப் பூச்செடி? நீங்க தொட்டா எங்க செடியும் வராது" என்று பதில் வந்தது. கேட்டதும் ஒரு பெண், சொன்னதும் ஒரு பெண். தலையில் வைக்கத்தான் பூவா? சாமி படத்துக்கு வைக்கலாம், வாசலில் பூத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தண்ணீர் ஊற்றும் கையில் தாலி கட்டினவர் கையா, இழந்தவர் கையா என்று வேர் பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்கிறோம்.

ஆகவே சகோதரிகளே, ஆளுக்கு ஒரு தொட்டியையாவது பிரியுங்கள். ஒரு பங்கு நமக்கு, ஒரு பங்கு கேட்பவர்களுக்கு. முதல் பங்கை, "உனக்குப் பூ எதற்கு?" என்று நாம் ஒதுக்கி வைத்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். செய்வீர்களா?

- ஒரு வாசகி, மணியாச்சி.