டீச்சரம்மாவின் கைப்பையில் ஒரு கடிதம்



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், வலப்பனைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் ஆலய வாசலில் எனக்காகக் காத்து நின்றார். இடுப்பில் கைக்குழந்தை, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மூத்த சிறுமி. "பாதர், வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். அது பாவமா?" என்று கேட்டார். பதவி விலகல் கடிதத்தை எழுதி, இரண்டு மாதங்களாகக் கைப்பையிலேயே வைத்திருந்தார். (இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. எழுதுவதற்கு அவரே இசைவு தந்தார்.)

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமையல், பிள்ளைகளை மாமியாரிடம் ஒப்படைத்தல், இராகலை வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருத்தல், இறங்கியபின் தேயிலை மலையூடாக நடை. இவ்வளவும் முடிந்து ஏழரை மணிக்குள் பாடசாலை. ஒரே மண்டபத்தில் இரண்டு வகுப்புகள். வீடு திரும்பினால் இரவு பாடக்குறிப்பு. இவற்றையெல்லாம் அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. அவரை அழவைத்தது வேறொன்று: "பிள்ளைங்க சத்தம் கேட்டாலே எரிச்சலா வருது பாதர். ஸ்கூல் பிள்ளைங்க மட்டுமில்ல, எம் பிள்ளை அழுதாலும்."

வீட்டில் இதைப் பேசவே முடியவில்லையாம். அதன் காரணத்தை மலையகத்தில் பிறந்தவர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே நம் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. பின்னர் ஜெர்மனிய உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. 2015ஆம் ஆண்டளவில் ஆசிரிய உதவியாளராக நியமனம் பெற்ற நம் பிள்ளைகள் மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவுடன் தொடங்கினார்கள். 2021இல் ஜூலை முதல் ஒக்டோபர் வரை நீடித்த ஆசிரியர் போராட்டமும் சம்பள முரண்பாட்டைப் பற்றியதே. இத்தனைக்கும் பின்னர் லயத்திலிருந்து முதன்முதலாக ஒரு பெண் 'டீச்சரம்மா' ஆகும்போது அந்த உத்தியோகம் அவளுடையது மட்டுமல்ல. கொழுந்துக்கூடை சுமந்த தாயினதும் பாட்டியினதும் உழைப்பு அதில் இருக்கிறது. அதை எப்படி விடுவது?

குருக்களாகிய நாங்களும் குற்றமற்றவர்களல்லர். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம் வந்தால், ஆசிரியம் தொழிலன்று, அறப்பணி என்று மறையுரை ஆற்றுகிறோம். அம்பிட்டிய குருமடத்தில் அழைத்தலைப் பற்றி ஆண்டுக்கணக்காகக் கற்றோம். அழைக்கப்பட்டவர் களைத்துப்போனால் என்ன செய்வது என்பதைக் குறைவாகவே கற்றோம். எங்களுக்கு ஆண்டுதோறும் தியானம் உண்டு. பல பங்குகளில் சமைத்துக்கொடுக்க ஆளும் உண்டு. டீச்சரம்மாவுக்கு எது உண்டு?

விடுதலைப் பயணம் 18ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மோசே காலை முதல் மாலை வரை தனியொருவராக அமர்ந்து மக்களுக்கு நீதி வழங்குகிறார். பார்த்துக்கொண்டிருந்த மாமனார் இத்திரோ, நீ செய்வது சரியன்று, நீயும் களைத்துப்போவாய், மக்களும் களைத்துப்போவார்கள் என்கிறார். நாம் பெரும்பாலும் கவனியாத செய்தி அதற்கு முன்னால் இருக்கிறது. இத்திரோ வெறுங்கையோடு வரவில்லை. பிரிந்திருந்த மனைவியையும் இரு புதல்வர்களையும் மோசேயிடம் அழைத்து வந்திருந்தார்! இறைவன் தாமே அழைத்த பணியாளருக்கும் சுமை குறைக்கப்பட்டது. அந்த ஆலோசனையைச் சொன்னவர் வீட்டுப் பெரியவர். நம் வீடுகளில் மாமனார் மாமியார் இத்திரோவின் இடத்தில் நின்று பேசுகிறார்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆசிரியையின் தாய் மலைக்குக் கொழுந்து பறிக்கச் சென்றபோது குழந்தையை விட்டுச்செல்லப் பிள்ளைக்காம்பரா இருந்தது. அங்கே ஓர் ஆயம்மா இருந்தார். அதன் குறைகளை நாம் அறிவோம், ஆயினும் ஓர் இடம் இருந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து ஆசிரியையாகி, தன் குழந்தையை விட்டுச்செல்ல இடமின்றி நிற்கிறாள்.

அவருக்கு நான் சொன்னது இதுதான்: வேலையை மாற்றுவது பாவமன்று. ஆனால் களைப்பின் உச்சத்தில் கையெழுத்திட வேண்டாம். நினைத்த நேரத்தில் பதவி விலகினால் ஓய்வூதிய உரிமை போய்விடும். பிரசவ விடுமுறையில் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் போக, அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், சம்பளமின்றி மேலும் 84 நாட்களும் பெறலாம். வீட்டுச் செலவை எண்ணி இதைக் கேட்காமலே விடுகிறவர்கள் பலர். அருகிலுள்ள பாடசாலைக்குப் பரஸ்பர இடமாற்றம் கேட்கலாம். 2022 ஜூனில் அரசாங்கம் 14/2022 சுற்றறிக்கை மூலம் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறைக்கு வழிவிட்டபோது அரச ஊழியர் பலர் வெளிநாடு சென்றனர். கைக்குழந்தையுள்ள தாய்க்கு அந்த வழியை நான் ஒருபோதும் காட்டமாட்டேன். மத்திய கிழக்குக்குத் தாயை அனுப்பிவிட்டு வளர்ந்த பிள்ளைகளை நம் தோட்டங்கள் அறியும். டியூஷனும் பதிலன்று, பிள்ளைகள் வீட்டிலிருக்கும் மாலையையும் சனிக்கிழமையையும் அது எடுத்துக்கொள்கிறது.

வகுப்பறையை விட்டே ஆகவேண்டுமென்றால், நம் மாவட்டத்துக்கே உரிய தேவையொன்று உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் அரைவாசிக்கு மேற்பட்டோர் தமிழர். இருந்தும் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசிக்க ஆளைத் தேடி அலைகிறோம். இருமொழியும் அறிந்த ஆசிரியைகள் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தகுதி பெறலாம். பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் வீட்டு மேசையிலிருந்தே, குழந்தை உறங்கும் வேளையில் மொழிபெயர்க்கலாம். 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது விதி. அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கவும் ஆட்கள் வேண்டும். வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பது நாற்பது சிறுவரைக் கட்டிக்காப்பதைப் போன்றதன்று. உடனே பெரும் வருமானம் வரும் என்று நான் சொல்லவில்லை. தொடக்க ஆண்டுகள் கடினமாகவே இருக்கும். கொரிந்து நகரில் பவுல் அக்கிலா, பிரிஸ்கில்லாவோடு தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார். அதனால் அவர் போதகர் அல்லாமற் போய்விடவில்லை.

பங்குச் சபையில் இதை எடுத்துரைத்தபோது, எங்கள் மண்டபம் வாரநாட்களில் பூட்டியே கிடப்பதை மூதாட்டி ஒருவர்தான் சுட்டிக்காட்டினார். அவர் முப்பது ஆண்டுகள் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவர். இப்போது காலை ஆறு மணிக்கு அவரே சாவியை வாங்கிச் செல்கிறார். ஐந்து குழந்தைகள் வருகின்றன. இருவர் டீச்சரம்மாவின் பிள்ளைகள். அவருடைய இடமாற்ற விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. கடிதம் கைப்பையில்தான் இருக்கிறதா என்று சென்ற ஞாயிறு கேட்டேன். "இருக்கு பாதர். ஆனா இப்ப ராத்திரியில எடுத்துப் பாக்குறதில்ல" என்றார்.