வாய் திறவாத வாய்மொழிப் பாடம்

தோட்டப்புற மாணவர் ஆங்கிலம் பேச அஞ்சுகின்றனர் என்று குறைகூறுவோர் உளர். அவ்வச்சம் எங்கிருந்து வந்தது? இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஆங்கிலம் துரை பங்களாவோடு நின்ற மொழி. 1970களில் அரசு பொறுப்பேற்ற பின்னரும் தோட்டப் பாடசாலைகள் பல ஆங்கில ஆசிரியருக்குக் காத்திருந்தன. 1987இல் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டத்தில் ஏறியது நாவில் ஏறவில்லை. சிங்களக் கிராமத்து மாணவரும் அதனைக் ‘கடுவ’, அதாவது வாள், என்றே அழைத்தனர்.

விரிவுரையாளர் பேச, மாணவர் குறிப்பெடுப்பது வாய்மொழிப் பாடமாகாது. சிறு குழுக்களில் மாணவரே பேசட்டும். பிழை கண்டு நகையாது, பேசி முடித்தபின் திருத்துக. எழுத்தையன்று, பேச்சையே பரீட்சிக்க. இன்றேல் பட்டம் பெற்றவனும் நேர்முகப் பரீட்சையில் ஊமையாகவே நிற்பான், அக்குற்றம் அவனுடையதன்று.