கைப்பேசிக் கடையும் கணக்கு நோட்டும்

“அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு?” என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது என ஆண்டுதோறும் நம் மலரில் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறோம். காலம் மலையேறியது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி முழுவதும் போய்விடவில்லை; உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. “வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், பொழுது போகட்டுமென்று போனில் சேலை விற்கிறாள்” என்கிறார்களே, அதைத்தான் சொல்கிறோம். இந்தப் “பொழுதுபோக்கு” பற்றி, பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் மாணவியராகிய எங்களுக்குச் சில கருத்துகள் உண்டு. பெரியோர்களும் அருட்சகோதரிகளும் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

ஆடை, அலங்காரப் பொருள் வணிகத்தில் உயர்ந்த பெண்மணி யார் என்றால் இன்று பலரும் சொல்லும் பெயர் ஃபால்குனி நாயர். மும்பையைச் சேர்ந்தவர். ‘நைகா’ என்ற இணையக் கடையை அவர் 2012 இல் தொடங்கியபோது வயது ஐம்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. பேரன் பேத்திகளை எண்ணி ஓய்வு பெறும் வயது என்றுதானே நம் வீடுகளில் சொல்வார்கள்! முதலில் மை, உதட்டுச் சாயம், முகப்பூச்சு. பிறகு 2018 இல் ஆடைகளும் சேர்ந்தன. 2021 நவம்பர் 10 அன்று அவர் நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1,125 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு, அன்று மாலையே 2,200 ரூபாயைத் தாண்டி நின்றது. பத்திரிகைகள் எல்லாம் அவருடைய செல்வத்தைப் பற்றி எழுதின. அடுத்த ஆண்டே அந்தப் பங்கின் மதிப்பு பெரிதும் இறங்கியதை அத்தனை ஆர்வத்தோடு யாரும் பேசவில்லை. அது போகட்டும்.

எங்களைக் கவர்ந்தது அவருடைய செல்வமன்று. அகமதாபாத்தில் மேலாண்மை படித்த அவர், கடை தொடங்குவதற்கு முன் பல ஆண்டுகள் நிதித்துறையில், பிற நிறுவனங்களின் வரவு செலவைப் படிக்கும் வேலையில் இருந்தவர். உதட்டுச் சாயம் விற்பதற்கு முன்பே ஐந்தொகை படிக்கத் தெரிந்தவர்! போலிப் பொருள் புகுந்துவிடக் கூடாதென்று அழகுப் பொருட்களைப் பெரும்பாலும் தாமே வாங்கித் தம் கிடங்குகளில் வைத்து விற்கும் முறையை மேற்கொண்டார். அப்படி விற்பதென்றால் முதல் எல்லாம் சரக்கில் முடங்கிக் கிடக்கும். எது விற்கிறது, எது தேங்குகிறது என்று நாள்தோறும் பார்க்காவிட்டால் கடை மூழ்கிவிடும். நளினமான படங்களுக்குப் பின்னால் இருப்பது கணக்குதான்.

2011 இல் பெங்களூரில் ‘ஜிவாமே’ தொடங்கிய ரிச்சா கர் வேறொரு தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. அவர் விற்க முன்வந்தது பெண்களின் உள்ளாடை. மகள் செய்யும் தொழிலை மற்றவர்களிடம் சொல்லவே தாயார் கூச்சப்பட்டார் என்று அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஆனால் ஆண்கள் நிற்கும் கடையில், அளவு சொல்லக் கூசி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியேறிய அனுபவம் இதைப் படிக்கும் தாய்மாருக்கு இல்லையா? அந்தக் கூச்சத்தை ஒரு பெண்ணால்தான் வணிகமாகக் காண முடிந்தது. அனிதா டோங்ரே 1995 இல் மும்பையில் தம் சகோதரியுடன் இரண்டே தையல் எந்திரங்களோடு தொடங்கினார். நம் தையல் வகுப்பில் அதைவிட அதிகம் இருக்கின்றன என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்!

இனி நம் தெருவுக்கு வருவோம். எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா, சேலத்தை அடுத்த இளம்பிள்ளையிலிருந்து சேலைகளை வரவழைத்து வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறார். வாங்குவது 450 ரூபாய், விற்பது 600 ரூபாய். ஒரு மாதம் இருபது சேலைகள் அனுப்பினார். “மூவாயிரம் ரூபாய் லாபம், கண்ணுகளா!” என்று எங்களுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தார். கேசரி அருமை. ஆனால் அன்றுதான் வகுப்பில் லாப நட்டக் கணக்கு நடந்திருந்தது. கை சும்மா இருக்குமா? நோட்டை எடுத்தோம்.

இருபதில் ஐந்து சேலைகள் திரும்பி வந்திருந்தன. “படத்தில் பார்த்த நிறம் இல்லை” என்பதே பெரும்பாலும் காரணம். ஆக விற்றவை பதினைந்து. கிடைத்தது 2,250 ரூபாய். கூரியர் கட்டணம் சேலைக்கு 70 ரூபாய். அதை வாங்குபவரிடம் கேட்க அவருக்கு மனமில்லை. அதில் போனது 1,050. திரும்பிய ஐந்துக்கும் போக்குவரத்து இருமுறை, 700. அவற்றுள் இரண்டு மடிப்புக் கலைந்து கறை பட்டு வந்ததால் 300 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார், நட்டம் 300. இருபது உறைகளுக்கு 100. எல்லாம் கழித்தால் மிச்சம் நூறு ரூபாய்! முந்திரி போட்ட கேசரிக்கே அது போதாது.

அவர் முகம் வாடியதைக் கண்டு, ஏன் கணக்குப் போட்டோம் என்று எங்களுக்கே ஆகிவிட்டது. ஆனால் அவர் துவண்டுவிடவில்லை. அடுத்த வாரமே மொட்டை மாடியில், காலை வெளிச்சத்தில் படம் எடுத்தார். கரையின் அகலம் தெரிய அருகில் அடிக்கோலை வைத்தார். கூரியர் கட்டணம் தனி என்று எழுதினார். “நாலு பேர் வாங்காமல் போவார்கள்” என்று பயந்தார். இரண்டு பேர் போனார்கள். திரும்பி வரும் சேலைகள் ஒன்று, இரண்டாகக் குறைந்தன. இப்போது அவருக்குக் கிடைப்பது சிறு தொகைதான் என்றாலும், அது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

இதைவிட வருத்தமான செய்தி ஒன்று உண்டு. சேலை விற்ற பணமெல்லாம் அவர் கணவரின் வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. கணவர் நல்லவர், ஒரு காசு தொடாதவர். ஆயினும் தையல் எந்திரம் வாங்கக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில், “உங்கள் பெயரில் வரவே இல்லையே, அம்மா” என்றார்கள். இரண்டு ஆண்டு உழைப்பு ஏட்டில் இல்லை! “வீட்டுக்குள் என் கணக்கு, உன் கணக்கு என்று பிரிப்பதா?” என்று அவருடைய மாமியார் கோபித்துக்கொண்டாராம். பெரியவரின் மனம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இது பிரிவினை அன்று. விவிலியத்தில் நீதிமொழிகள் நூலின் 31 ஆம் அதிகாரம் போற்றும் இல்லத்தரசி ஆடை நெய்து விற்கிறாள். தன் ஊதியத்திலிருந்து திராட்சைத் தோட்டம் போடுகிறாள். ஊதியம் அவள் கையில் இருந்ததால்தானே அது முடிந்தது?

சட்டமும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. முன்னெல்லாம் பெரிய இணையக் கடைகளின் வழியாக ஒரு சேலை விற்பதானாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டாத நம்மூர்ச் சிறு வணிகர் மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பதானால் முழுப் பதிவு வேண்டியதில்லை. பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். ஆனால் அந்தப் பான் எண் யார் பெயரில் இருக்கிறது? எத்தனை அம்மாக்களுக்கு அது இருக்கிறது? இன்று மாலை வீட்டில் கேட்டுப் பாருங்கள், தோழியரே.

“ஃபேஷன் என்பதே வீண் ஆடம்பரம்; அதை விற்பது ஒரு பெருமையா?” என்று சிலர் கேட்கலாம். தேவையில்லாததை வாங்க வைக்கும் தந்திரங்கள் இந்த வணிகத்தில் நிறைய உண்டு. நாங்களே நள்ளிரவுத் தள்ளுபடியில் ஏமாந்திருக்கிறோம். அதை மறைக்கவில்லை. ஆனால் துணி உடுத்தாத வீடு இல்லை. நியாயமான விலைக்கு, படத்தில் காட்டியதையே அனுப்பும் பெண்ணை ஆடம்பரக்காரி என்பது சரியாகாது.

நம் பள்ளிக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் கைவினைக் கண்காட்சியில் நாம் பின்னிய பைகளும் பூவேலை செய்த கைக்குட்டைகளும் விற்கின்றன. மாலையில் உண்டியலில் சேர்ந்ததை எண்ணி, “இவ்வளவு கிடைத்தது!” என்று கைதட்டுகிறோம். நூல் எவ்வளவு, துணி எவ்வளவு, ஒரு கைக்குட்டைக்கு எத்தனை மணி நேரம் என்று இதுவரை யாரும் எழுதியதில்லை. ஒருவேளை நாமும் கேசரி கிண்டிக்கொண்டுதான் இருக்கிறோமோ, யார் கண்டார்கள்? இந்த ஆண்டு தையல் வகுப்பும் வணிகவியல் வகுப்பும் ஒரே மேசையில் உட்காரட்டும். கணக்கு எழுத நாங்கள் ஆயத்தம். நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றும் வாங்கி வைத்துவிட்டோம். விலை 45 ரூபாய். முதல் பக்கத்தில், செலவுப் பகுதியில், அதையே எழுதியிருக்கிறோம்.