யாருக்கு நாற்காலி?

நீண்ட நேரம் அமர்ந்திருப்பதைக் குறையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்கு அறிவுறுத்தியது. அலுவலகம், பேருந்து, தொலைக்காட்சி என்று உட்கார்ந்தே நாளைக் கழிக்கும் நமக்கு அது பொருந்தும். மதுரை விளக்குத்தூண் பகுதி ஜவுளிக்கடைகளில் நமக்குப் புடவை விரித்துக் காட்டும் சகோதரிகளுக்கு? கால் வீங்க நிற்பதே அவர்களில் பலருக்கு வேலை.

கேரளம் 2018-இல் வழிகாட்ட, தமிழகமும் 2021-இல், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமரலாம் என்பதே அதன் சாரம். அந்த வாய்ப்பு எப்போது என்று தீர்மானிப்பவர் யார்? மேற்பார்வையாளர்தானே! ஸ்டூல் வாங்கிப் போடுவது எளிது. அதில் உட்கார்ந்தவரை அதட்டாதிருப்பதுதான் கடினம். வாடிக்கையாளராகிய நாமும் இதில் சேர்த்தி. உட்கார்ந்தபடி விலை சொல்லும் பெண்ணைக் கண்டால், மரியாதை தெரியாதவள் என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு.