சொட்டுக்குக் கணக்கு உண்டு, கோடிக்கு?

டீசலில் ஒரு லிட்டர் குறைந்தால் யாரைப் பிடிப்பார்கள்? டிரைவரைத்தான்! லாரித் தோழர்களுக்கு இதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஐக்கிய நாடுகள் சபையும் தன் அமைதிப் படைகளின் சாமான் கணக்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்திருக்கிறது. 2013-இல் அப்படைகளில் நடைமுறைக்கு வந்த கணக்குமுறைக்கு ‘உமோஜா’ என்று பெயர். சுவாஹிலி மொழியில் ஒற்றுமை என்று பொருளாம். நல்ல பெயர்தான்! எண்ணெய்க்கென்று தனியாக மின்னணுக் கணக்கும் உண்டு. எந்த வண்டிக்கு, எந்த ஜெனரேட்டருக்கு, எத்தனை லிட்டர் என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். ஓடிய தூரமும் குடித்த எண்ணெயும் ஒத்துவராவிட்டால் குட்டு வெளிப்படும். வண்டிகளில் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறார்கள். டிரைவர் தன் அட்டையை அதில் இழுத்தால்தான் வண்டி கிளம்பும். போகும் வேகத்தையும் அது குறித்துக்கொள்ளும்.

இது கூடாது என்கிறோமா? இல்லை, தோழர்களே! மாலி நாட்டைப் பாருங்கள். கடலே இல்லாத நாடு. 2013 முதல் 2023 வரை அங்கே அமைதிப் படை இருந்தது. டாக்கார், அபிஜான் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு, நூற்றுக்கணக்கான மைல் சாலையில் உருண்டு, வடக்கே காவோ, கிடால் முகாம்களுக்குப் போகவேண்டும். வடக்குச் சாலைகளிலோ கண்ணிவெடி! அந்தப் பத்தாண்டில் படையினர் முன்னூறு பேருக்கு மேல் மாண்டனர். அங்கே ஒரு பீப்பாய் எண்ணெய் களவுபோனால், அதை ஈடுகட்ட இன்னொரு டிரைவர் அந்தச் சாலையில் உயிரைப் பணயம் வைக்கவேண்டும். களவைத் தடுக்கும் கருவி தொழிலாளிக்கு நண்பனே.

ஆனால் அந்தக் கருவியின் கண் கீழ்நோக்கியே இருப்பதேன்? அமைதிப் படைச் செலவில் ஒவ்வொரு நாட்டுக்கும் பங்கு விதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் பங்கு நான்கில் ஒன்றுக்குச் சற்று அதிகம். நூற்றுக்கு 25-க்கு மேல் தரமாட்டோம் என்று 1994-இலேயே அங்கு சட்டம் செய்தார்கள். இடையில் தளர்த்தி, 2017 முதல் மீண்டும் இறுக்கினார்கள். விதித்த பங்கு முழுதும் வராமல் பாக்கி ஏறியது. அமெரிக்கா மட்டுமல்ல, காங்கோ படைச் செலவைத் தரமாட்டோம் என்று சோவியத் யூனியனும் பிரான்சும் மறுத்ததால், 1964-இல் பொதுச்சபை வாக்கெடுப்பையே ஒத்திவைத்து நடந்த கதையும் உண்டு.

பாக்கியின் பாரம் யார் தலையில்? படை அனுப்பும் நேபாளமும் வங்காளதேசமும் ருவாண்டாவும் தமக்குச் சேரவேண்டிய தொகைக்காகக் காத்துக்கிடக்கின்றன. 2025 அக்டோபரில், பணமில்லை என்று சொல்லி, ஒன்பது இடங்களிலுள்ள படையினரில் நான்கில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார்கள். அவர்களை நம்பியிருந்த கிராமத்து மக்களுக்குக் காவல் யார்?

தண்டனையே இல்லையா என்பீர்கள். உண்டு. ஐ.நா. சாசனத்தின் 19-ஆவது விதிப்படி, இரண்டு முழு ஆண்டுத் தொகை பாக்கியானால் பொதுச்சபையில் வாக்கு போகும். பாதுகாப்புச் சபையின் வீட்டோவுக்கு அந்த விதி பொருந்தாது! அட்டை இழுக்காத டிரைவருக்கோ வண்டி அந்த நிமிஷமே கிளம்பாது.