பொட்டி கட்டு - 9: வெயில் நமக்குப் புதுசா என்ன?

இந்த வாட்டி பொட்டி கட்டப் போறது டெத் வேலிக்கு. தமிழ்ல சொன்னா மரணப் பள்ளத்தாக்கு. (அம்மாகிட்ட மட்டும் தமிழ்ல சொல்லாதீங்க, டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுவாங்க.) இன்னும் போகல, திட்டம் மட்டும்தான் முடிஞ்சிருக்கு. ஆனா அந்தத் திட்டம் போடுறதுக்குள்ள எங்க ரூம்ல ஒரு பாராளுமன்றமே நடந்து முடிஞ்சிருச்சு. அதைத்தான் எழுதப் போறேன்.

விஷயம் இதுதான். அப்பாவும் அம்மாவும் ஜூன்ல வர்றாங்க, ஆறு மாசம் இருப்பாங்க. ரூம்மேட் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னாங்க. ஜூலை நாலு லாங் வீக்கெண்ட், லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து அஞ்சு மணி நேரம், ஒரு வாடகை கார், அஞ்சு பேரு, முடிஞ்சது ஜோலி. "மச்சி, நாம வேலூர்க்காரங்கடா. வெயில் நமக்குப் புதுசா என்ன?" போன்ல அப்பாவும் அதையேதான் சொன்னாரு. "முப்பது வருஷம் மே மாச மத்தியானத்துல இஞ்சின் பக்கத்துல உக்காந்து பஸ் ஓட்டினவன்டா நான். எனக்கே வெயில் காட்டுறியா?"

நியாயமான கேள்விதான். அதனால முதல்ல கணக்கைப் பார்ப்போம்.

டெத் வேலி 1994-ல தேசியப் பூங்கா ஆச்சு. 34 லட்சம் ஏக்கர், அதாவது தமிழ்நாட்டுல பத்துல ஒரு பங்கு. பேட்வாட்டர்ங்கற உப்புத்தரை கடல் மட்டத்துக்கு 282 அடி கீழ இருக்கு. அதுக்கு நேர் மேற்கால நிக்கற டெலஸ்கோப் சிகரம் 11,049 அடி. சுத்தி மலை, நடுவுல குழி. சூடான காத்து மேல ஏறும், குளிர்ந்து திரும்ப குழிக்குள்ளயே இறங்கும், இறங்கும்போது அமுங்கி இன்னும் சூடாகும். ஒரு பெரிய அடுப்பு மாதிரி. 1913 ஜூலை 10-ம் தேதி ஃபர்னஸ் கிரீக்ல பதிவான 134 டிகிரி (56.7 செல்சியஸ்) தான் இன்னைக்கும் உலக சாதனையா கணக்குல இருக்கு. ஜூலைல சராசரி பகல் உச்சமே 116, அதாவது நம்ம கணக்குல 47. வேலூர்ல 43 வந்தாலே பேப்பர்ல போட்டோ போடுவாங்க.

"சரி, நாலு டிகிரிதானே கூட?" அப்படின்னான் ரூம்மேட். இங்கதான் விஷயமே இருக்கு.

நான் அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அப்பா, வேலூர் - திருவண்ணாமலை டிரிப்புல மே மாச மத்தியானம் என்னப்பா பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, கண்ணமங்கலத்துல நிறுத்தி மோர் குடிப்போம். துண்டை நனைச்சி கழுத்துல போட்டுப்பேன். போளூர்ல டீக்கடையில முகம் கழுவிப்போம்."

"வண்டி பிரேக்டவுன் ஆனா?"

"புளியமரத்தடியில ஓரங்கட்டிட்டு, பின்னாடி வர்ற வண்டில ஜனங்கள ஏத்தி விட்ருவோம். அதுக்கென்ன இப்ப?"

"பேட்வாட்டர் ரோட்டுல ஃபர்னஸ் கிரீக்ல இருந்து ஷோஷோனிங்கற ஊர் வரைக்கும் எழுபது மைலுக்கு மேலப்பா. உங்க டிரிப்பைவிட நீளம். நடுவுல ஒரு கடை கிடையாது, குழாய் கிடையாது, போன் எடுக்காது. புளியமரமும் கிடையாது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப எதுக்குடா ஜூலைல போற?" அப்படின்னாரு.

இதான் மக்களே நான் சொல்ல வந்தது. நமக்கு வெயில் பழக்கம்னு சொல்லிக்கறோம். உண்மையில வெயிலைத் தாங்கினது நம்ம உடம்பு மட்டும் இல்ல, ஊர்தான். மோர்ப் பந்தல், டீக்கடை, திண்ணை, மரத்தடி, கேட்டா சொம்புல தண்ணி கொடுக்கற யாரோ ஒரு அக்கா. பதினோரு மணிக்கு மேல வெளியே போகாதேன்னு கத்தற பாட்டி. நம்மகிட்ட இருக்கற வெயில் அறிவே எப்போ நிறுத்தணும், எங்க ஒதுங்கணும்ங்கறதுதான். அந்த ஊரைக் கழட்டி வச்சிட்டு வெறும் உடம்போட போய் நின்னா, வேலூர்க்காரனும் ஒண்ணுதான், நார்வேக்காரனும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு, அங்க காத்து ரொம்ப வறண்டது. நம்ம ஊர்ல சட்டை முதுகுல ஒட்டும்போது உடம்பு எச்சரிக்கை கொடுக்கும். அங்க வேர்வை வந்த நிமிஷமே காஞ்சிடும். சட்டை உலர்ந்தே இருக்கும், தண்ணி மட்டும் உள்ள குறைஞ்சிட்டே போகும். அம்மா பிபி மாத்திரை வேற சாப்பிடறாங்க. அதுல சில வகை உடம்புல இருந்து தண்ணியை வெளியேத்தற மாத்திரை. அதை டாக்டர்கிட்ட கேக்காம இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிட்டுப் போறது சரியில்ல.

பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க, நடந்ததைச் சொல்றேன். 2024 ஜூலை 6-ம் தேதி பேட்வாட்டர் பக்கம் ஆறு பேர் மோட்டார் சைக்கிள்ல போனாங்க. 128 டிகிரி. ஒருத்தர் இறந்துட்டாரு. ஹெலிகாப்டர் வர முடியல. ஏன்னா 120-க்கு மேல போனா காத்து லேசாகி, ஹெலிகாப்டருக்குத் தூக்கற சக்தி பத்தாது. அதே மாசம் மணல்மேட்டுல செருப்பு கழண்டு போன ஒரு பெல்ஜியம் பயணிக்கு உள்ளங்கால்ல மூணாம் நிலை தீக்காயம். அவரையும் அங்கேயே ஹெலிகாப்டர்ல ஏத்த முடியல, ஆம்புலன்ஸ்ல மலைக்கு மேல கொண்டு போய்த்தான் ஏத்தினாங்க. 1972-ல அங்க தரையோட சூடு 201 டிகிரி ஃபாரன்ஹீட்னு அளந்திருக்காங்க. ஹவாய் செருப்பு கோஷ்டி கவனிக்க!

1996 ஜூலைல ஜெர்மனியில இருந்து வந்த நாலு பேர் வாடகை வேனோட காணாமப் போனாங்க. அக்டோபர்ல டயர் போன நிலைமையில வேன் மட்டும் கிடைச்சது. எலும்புகள் கிடைச்சது 2009-ல. மேப்ல இருக்கற கோடெல்லாம் ரோடு இல்ல. ஜிபிஎஸ் காட்டற குறுக்குவழிக்கும் இதே கதைதான்.

அந்தப் பள்ளத்தாக்குல ஆயிரம் வருஷத்துக்கும் மேல வாழற ஜனம் டிம்பிஷா ஷோஷோனி பழங்குடிங்க. அவங்க வழக்கம் என்ன தெரியுமா? குளிர்காலத்துல பள்ளத்தாக்கு, கோடையில மலை மேல. "மரணப் பள்ளத்தாக்கு"ங்கற பேரு அவங்க வச்சதில்ல. 1849-ல தங்கம் தேடி வந்து வழி தவறினவங்க வச்சது. ஊர்க்காரங்களே கோடையில மலையேறும்போது, நாம லாங் வீக்கெண்ட் பார்த்து கீழ இறங்கறதாம்!

ஆக, பாராளுமன்றத் தீர்மானம்: ஜூலை ரத்து. நவம்பர் கடைசி, தேங்க்ஸ்கிவிங் லீவு. சராசரி பகல் 77 (25 செல்சியஸ்), ராத்திரி 48 (9 செல்சியஸ்). கூட்டம் இருக்கும், ரூம் வாடகை எகிறும், அதனால இப்பவே புக்கிங். அப்பா அம்மா கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. இப்ப திட்டம்:

முதல் நாள்: விடிகாலை 5 மணிக்குக் கிளம்பறோம். ரிட்ஜ்கிரெஸ்ட்ல டேங்க் ஃபுல். பூங்காவுக்குள்ள மூணே இடத்துலதான் பெட்ரோல், விலையைப் பார்த்தா நெஞ்சு வலிக்கும். பானமின்ட் பள்ளத்தாக்கு வழியா டவுன் கணவாய் ஏறி இறங்கணும். இறக்கத்துல லோ கியர் (இந்தப் பகுதிக்கு அப்பாதான் ஆலோசகர்). சாயங்காலம் மெஸ்கீட் ஃபிளாட் மணல்மேடு.

ரெண்டாம் நாள்: சூரியன் வர்ற நேரத்துல பேட்வாட்டர். திரும்பும்போது ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், ஒன்பது மைல் ஒருவழிப் பாதை, பச்சை, ரோஸ், ஊதான்னு கலர் கலரா பாறை. மத்தியானம் சாப்பாடு, தூக்கம். (நவம்பரா இருந்தாலும் பாட்டி சட்டம் பாட்டி சட்டம்தான்.) சாயங்காலம் டான்டேஸ் வியூ, 5,475 அடி. காலையில நின்ன உப்புத்தரை அப்படியே காலுக்குக் கீழ தெரியும். ஸ்வெட்டர் அவசியம். ராத்திரி நட்சத்திரம் பார்க்கணும். 2013-லயே இருள் வான் பூங்கான்னு அங்கீகாரம் வாங்கின இடம்.

மூணாம் நாள்: உபெஹேபே எரிமலை வாய், அப்புறம் வீடு. அங்கிருந்து ரேஸ்டிராக் போகணும்னு ரூம்மேட்டுக்கு ஆசை. கல்லு தானா நகருமே, அந்த இடம். (பேய் இல்லீங்க. மெல்லிய பனித்தகடும் காத்தும் சேர்ந்து தள்ளுதுன்னு 2014-ல ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தாச்சு.) ஆனா 27 மைல் கரடுமுரடு ரோடு, கூரான கல்லு, டயரைக் கிழிச்சிடும். நம்மளது வாடகை செடான், ஒப்பந்தத்துலயே மண் ரோடு கூடாதுன்னு இருக்கு. அதனால அடுத்த ஜென்மம்.

கூட எடுத்துட்டுப் போறது: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணி, அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல ரெண்டு கேன் காருக்குன்னு தனியா. காகித மேப். ஷூ. உப்பு பிஸ்கட், அம்மா கைமணத்துல புளிசாதம். நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். 2023-ல இருந்து ரொக்கம் வாங்கறதில்ல, கார்டு மறக்காதீங்க. கிளம்பற அன்னைக்குக் காலையில எந்த ரோடு திறந்திருக்குன்னு பார்க்கணும். வருஷத்துக்கு ரெண்டு இஞ்ச் மழை பெய்யற ஊர்ல 2023 ஆகஸ்ட் 20-ம் தேதி ஒரே நாள்ல 2.2 இஞ்ச் கொட்டி, பூங்காவே அக்டோபர் நடு வரைக்கும் மூடிக் கிடந்தது. பேட்வாட்டர்ல ஏரி நின்னு, ஜனங்க படகு விட்டாங்கன்னா பார்த்துக்கோங்க!

வண்டி நின்னுட்டா என்ன பண்றதுன்னும் முடிவு பண்ணியாச்சு. யாரும் இறங்கி உதவி தேடி நடக்கக் கூடாது. காரை விட்டு நகராம, காரோட நிழல்லயே இருக்கணும். எங்க போறோம், எப்ப திரும்புவோம்னு லேப்ல ஒரு நண்பன்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போறோம். புளியமரம் இல்லாத ஊருக்கு நாமளே ஒரு புளியமரத்தைக் கூட்டிட்டுப் போகணும்ல :)

நவம்பர்ல போன அனுபவசாலிங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ராத்திரி குளிருக்கு அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் போதுமா, ரெண்டு வேணுமா?