ஸ்டாக் இல்ல

அரசு ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தாச்சு, இனிமே பாரபட்சம் இருக்காது என்கிறார்கள். யந்திரத்துக்குச் சாதி தெரியாதாம். நல்லாவே தெரியும். கர்ப்பிணிகள் பதிவிலேயே எஸ்.சி.யா, எஸ்.டி.யா, மற்றவரா என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதியட்டும், அதில் தப்பில்லை. நம்ம கணக்கு வேணும்னு நாமும்தானே கேட்கிறோம். ஆனால் பிரசவ வார்டில் அவளை எத்தனை நேரம் காக்கவைத்தார்கள், என்ன பேச்சுப் பேசினார்கள், எதுக்கெல்லாம் காசு கேட்டார்கள் என்று எழுதக் கட்டம் கிடையாது. 12 இலக்கப் பதிவு எண் இல்லாவிட்டால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையும் கிடையாது. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவள் அந்த எண்ணுக்காக எத்தனை நாள் கூலியை விடுவாள்?

மருந்துக்கு வருவோம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் போட்டு வழங்குகிற முறை. கிடங்கு இருப்பு கம்ப்யூட்டரில் இருக்கிறது. நல்ல காரியம்தான். ராஜஸ்தான்கூட இதைப் பார்த்துத்தான் செய்தது. ஆக, எந்தக் கிடங்கில் எத்தனை பாம்புக்கடி மருந்து, எது எப்போது காலாவதி என்பது மேலே இருக்கிறவருக்குத் தெரியும். வரப்பில் கடிபட்டுத் தூக்கிவரப்பட்டவனுக்கு மட்டும், ‘ஸ்டாக் இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ’. நிஜமாவே இல்லையா, இருந்தும் இல்லையா? கேட்டால், ‘உனக்கெதுக்குய்யா அதெல்லாம்?’ ஊர்த்தெருவில் நாம் கேட்டுக் கேட்டுப் புளித்த அதே குரல். கணக்குப்பிள்ளையின் நோட்டும் நம் பக்கம் திரும்பியதில்லை.

2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில், ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்வதே சனங்கள் எடுத்துப் பார்க்கத்தான். அப்புறம் திரை ஏன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது? திருப்புங்கள். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு வெளியே அன்றன்றைய இருப்பைத் தமிழில் எழுதி மாட்டுங்கள். பாம்புக்கடி, நாய்க்கடி மருந்து முதல் வரியில் வரட்டும். எஸ்.சி. என்று எழுதிக்கொண்டீர்களே, அந்தக் கட்டத்தை வைத்தே எத்தனை பேரை வேறு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டீர்கள், எத்தனை தாய்மார் செத்தார்கள் என்று மாவட்டவாரியாகச் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டார்கள். நம்ம படிச்ச பிள்ளைங்க சேரிக்கு ஒருத்தராக உட்கார்ந்து மனு எழுத வேண்டியதுதான். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருக்கிறவர் பேரில் போட்டால் அதுவும் இல்லை.